ஒன்பதாம் இடம்

"அழுதுச்சா?"

"இல்ல."

"யோசிச்சுச் சொல்லு, ஹெஸ்டர். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லியா?"

"கையில வச்சிருந்தவ நான். எனக்குத் தெரியாதா? பிறக்கும்போதே உயிர் இல்ல."

மாடிப்படியின் வளைவில் மெழுகுவத்தியோடு நின்றிருந்த லயனல் நீளமாக ஒரு மூச்சு விட்டான். அது துக்கமா, நிம்மதியா என்று அவன் மனைவி ஹெஸ்டருக்கு அன்றும் தெரியவில்லை. ஏழு வருடம் கழித்து இன்றும் தெரியவில்லை. அதன்பின் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே கிடையாது. அன்று அவன் படியிறங்கிக் கீழே வந்ததும், அந்த மாளிகையின் தலைமைப் பணியாளர் ஹக்கபி தலைதாழ்த்தி, "பிரபுவே" என்றார். அந்த ஒரு சொல்லில் லயனல் தோர்ன்ஹோப்பின் ஒன்பதாவது பிரபு ஆனான்.

அந்தப் பழைய பேச்சு ஹெஸ்டருக்கு நினைவு வந்தது ஓர் அக்டோபர் மாலையில், சாப்பாட்டு அறை வாசலில். ஹக்கபி இரட்டைக் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளேயிருந்து வறுத்த ஆட்டிறைச்சியின் வாசனையும், கணப்பில் எரியும் நிலக்கரியின் வாசனையும், மழையில் நனைந்து வந்து படுத்திருந்த நாய்களின் வாசனையும் கலந்து வந்தன. லயனல் அவள் கையைத் தன் கையில் கோத்து நடந்து வந்தவன், வாசலில் சட்டென்று நின்றான். பின்னாலிருந்து யாரோ முந்திக்கொண்டு வருவதுபோல அரை அடி விலகி வழிவிட்டான். பிறகு உள்ளே போனான்.

"யாருக்காக நின்னீங்க?" என்று கேட்டாள் ஹெஸ்டர்.

"நின்னேனா?" அவன் சிரித்தான். "உன் வயித்துல இருக்கிற துரைக்கு வழி விட்டிருப்பேன். நீதான் இப்ப ரெண்டு ஆள் அகலம் இருக்கியே."

அவளும் சிரித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து வந்த கர்ப்பம்; அவன் கேலியெல்லாம் அவளுக்குத் தேனாக இருந்த மாதங்கள் அவை. ஆனால் உட்காரும்போது அவள் ஹக்கபியைப் பார்த்துவிட்டாள். அவர் கண்கள் தாழ்ந்து, வாசலிலிருந்து மேசையின் தலைமாட்டு நாற்காலி வரை மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தன. இடுப்புயரத்தில் நடந்துபோகும் ஒன்றைப் பார்க்கிறவர்போல.

படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன.

லயனலின் அண்ணன் ஜெர்வேஸ்தான் எட்டாவது பிரபு. நரி வேட்டையில் வேலி தாண்டும்போது குதிரையோடு விழுந்து கழுத்து முறிந்து இறந்தான். அப்போது அவன் மனைவி சிசிலி மாசமாக இருந்தாள். அப்படியொரு நிலைமையில் பட்டம் யாருக்கும் போகாது, காத்திருக்கும். பிறப்பது பையனென்றால் முதல் மூச்சிலேயே அவன்தான் பிரபு. பெண் என்றாலோ, உயிரில்லாமல் பிறந்தாலோ தம்பிக்கு. அந்தக் குளிர்காலம் முழுக்க வீடே சிசிலியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. தலைமாட்டு நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. யாரையும் யாரும் பிரபு என்று அழைக்கவில்லை.

பையன்தான் பிறந்தான். மருத்துவச்சி சிசிலியின் உதிரப்போக்கோடு போராடிக்கொண்டிருந்தாள். "இதைக் கொஞ்சம் பிடிங்கம்மா" என்று துணியில் சுற்றிய ஈரத்தை ஹெஸ்டரின் கையில் திணித்தாள். ஒரு பூனைக்குட்டியின் கனம். அவன் அழுதான். ஒரே ஒரு முறை, எண்ணெய் போடாத கீல் முனகுவதுபோல. மருத்துவச்சி திரும்பவில்லை. அறையின் ஒரு பக்கம் கணப்பு. மறுபக்கம் பனி படிந்த ஜன்னல். ஹெஸ்டர் ஜன்னலுக்குப் போனாள்.

ஏன் என்று தன்னையே எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். வெளிச்சத்தில் முகம் பார்க்கத்தான் என்று எத்தனையோ முறை பதிலும் சொல்லியிருக்கிறாள். முகத்தைப் பார்த்து முடித்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். அவன் அவள் விரலைப் பிடித்திருந்தான். கண்ணாடியில் அவனுடைய சின்ன மூச்சு படிந்து படிந்து மறைந்தது. பிறகு படியவில்லை. ஒரு வார்த்தை போதும், யாராவது ஓடி வந்திருப்பார்கள். நான்கு எட்டு நடந்தால் கணப்பு. அவள் வாயும் திறக்கவில்லை, காலும் எடுத்து வைக்கவில்லை.

இதில் கொடுமை என்னவென்றால், பிள்ளை கொஞ்ச நேரம் வாழ்ந்து இறந்தது என்று உண்மையைச் சொல்லியிருந்தாலும் பட்டம் லயனலுக்குத்தான் வந்திருக்கும். அவள் பொய்யால் மாறியது ஒரே ஓர் எண். அந்தப் பிள்ளைக்குப் பின் பத்தாவது பிரபுவாக வேண்டிய லயனல் ஒன்பதாவது பிரபு ஆனான், அவ்வளவுதான். எண்ணுக்கு ஆசைப்பட்டு அவள் பொய் சொல்லவில்லை. "எங்கே வச்சிருந்தே?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து சொன்னாள். உயிரோடு பிறக்காத பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது, பெயர் கிடையாது, குடும்பக் கல்லறையில் இடமும் கிடையாது. வடக்குச் சுவருக்கு வெளியே, தோட்டக்காரன் தோண்டிய ஒரு குழி.

சிசிலி ஒன்றும் கேட்கவில்லை. விதவைகளுக்கென்று தோட்டத்தின் கோடியில் இருந்த சின்ன வீட்டுக்குக் குடிபோனாள். ஞாயிறுகளில் ஜெபத்துக்கு வருவாள்; தேநீர் கொடுத்தால் குடிப்பாள், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். கரி வேண்டும், கூரை ஒழுகுகிறது என்றுகூட ஒருநாளும் சொன்னதில்லை. அவள் எதையாவது கேட்டிருந்தால், ஒரு சால்வையோ ஒரு வண்டியோ கேட்டிருந்தால், ஹெஸ்டர் ஓடிப்போய்க் கொடுத்துத் தன் பாரத்தில் ஒரு பிடியாவது குறைத்துக்கொண்டிருப்பாள். அவள் கேட்கவே இல்லை.

நவம்பரில் நெல் என்ற வேலைக்காரப் பெண் மாட்டிக்கொண்டாள். மாடித் தாழ்வாரத்தில் கைநிறையத் துணியோடு எதிரே வந்தவள், சுவரோரம் ஒதுங்கி முழங்கால் மடக்கி வணங்கினாள். லயனல் அப்போது தாழ்வாரத்தின் மறுகோடியில் இருந்தான். அவன் அருகில் வந்ததும் மறுபடி வணங்கினாள். அவன் கவனிக்காமல் போனான். பின்னால் வந்த ஹெஸ்டர் நின்றுவிட்டாள்.

"முதல் வணக்கம் யாருக்கு?"

"பிரபுவுக்குத்தான், சீமாட்டி."

"பிரபு அப்புறம்தானே வந்தார்?"

நெல்லின் காதுமடல்கள் சிவந்தன. "கோவிச்சுக்காதீங்கம்மா. சமையலறையில எல்லாருமே அப்படித்தான் செய்றோம். செய்யலைன்னா பால் திரிஞ்சுடுது. போன வாரம் சமையக்காரம்மா, 'காத்துக்கெல்லாம் என் முழங்காலு மடங்காது'ன்னு வீராப்பா நின்னாங்க. மூணு குடம் பால். அன்னிலேருந்து எங்களையெல்லாம் முந்திக்கிட்டு அவங்கதான் குனியுறாங்க."

"எதுக்குக் குனியுறீங்க?"

"தெரியாதும்மா," என்றாள் நெல். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நாங்க நிமிந்து பாக்குறதில்ல."

அவள் போன பிறகு ஹெஸ்டர் தாழ்வாரத்தில் தனியே நின்றாள். ஒரு குளிர், ஜன்னலிடுக்கில் வருவதுபோல் இல்லாமல், தண்ணீரில் நனைந்த குழந்தை வந்து ஒட்டி நிற்பதுபோல, அவள் பாவாடையின் ஒரு பக்கத்தில் மட்டும் படிந்தது. தாழ்வாரத்தின் பித்தளைக் கைப்பிடிகளில், ஒவ்வொன்றிலும், ஈரமான ஒரு சின்ன உள்ளங்கை. ஏழு வயதுப் பிள்ளை எட்டிப் பிடிக்கும் உயரத்தில் அல்லவா கைப்பிடிகள் இருக்கின்றன என்று அவள் முதல் முறையாக நினைத்தாள்.

டிசம்பர் தொடங்கியதும் ஹக்கபி அவளைத் தேடி வந்தார்.

"ஆலயத்துல பிரபுவோட தகடு மறுபடி விழுந்துடுச்சு, சீமாட்டி."

மாளிகையை ஒட்டிய சிறு ஆலயத்தில், பட்டத்துக்கு வந்த ஒவ்வொரு பிரபுவின் பெயரும் எண்ணும் பொறித்த பித்தளைத் தகடு வரிசையாகச் சுவரில் பதிக்கப்பட்டிருக்கும். லயனலின் தகடு அந்த இலையுதிர்காலம் முழுக்க விழுந்துகொண்டே இருந்தது. "பட்டம் என் தலையிலதான் ஒட்டல, சுவத்துலயுமா ஒட்டாது?" என்று லயனல் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான்.

"ஆணி துருப்பிடிச்சிருக்கும்," என்றாள் ஹெஸ்டர்.

"புது ஆணிங்க. கொல்லனே வந்து அடிச்சான். சுவர் துப்புதுங்கம்மா, வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அவர் தொண்டையைச் செருமினார். "இப்ப நிக்குதுங்க. ஒரு இடம் தள்ளி அடிச்சோம்."

அவள் போய்ப் பார்த்தாள். மதியம் மூன்று மணிக்கே மங்கத் தொடங்கும் வெளிச்சம், மெழுகும் ஈரக்கல்லும் கலந்த வாசனை. தோற்று ஓடிய ஓர் அரசனுக்குக் குதிரைகள் கொடுத்துப் பட்டம் வாங்கிய முதல் பிரபு. பாதிக் காட்டைச் சீட்டாட்டத்தில் விட்ட நான்காவது. பிறகு ஐந்தாவது: சாயங்காலம் தகப்பன் காய்ச்சலில் போக, விடிவதற்குள் அதே காய்ச்சலில் மகனும் போனான். ஒரே இரவு பிரபுவாக இருந்தவன். அவனுக்கும் மற்றவர்களுக்குச் சமமான தகடு. எத்தனை நேரம் என்று பட்டம் கேட்பதில்லை. பைத்தியம் பிடித்து அறையில் அடைபட்டுக் கிடந்த ஆறாவது. ஏழாவது. எட்டாவது, ஜெர்வேஸ்.

பிறகு வெறுங்கல். ஒரு தகட்டின் அகலம்.

பிறகு லயனல்.

அந்த வெறுங்கல்லின் நடுவில், கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் ஒரு மங்கல் படிந்திருந்தது. ஹெஸ்டர் கைக்குட்டையால் துடைத்தாள். படிந்தது. துடைத்தாள். படிந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவளுக்குத் தெரிந்த இடைவெளி. அன்று ஜன்னலருகே நின்று அவள் கவனித்துக்கொண்டிருந்த அதே இடைவெளி. வயிற்றுக்குள் அவள் பிள்ளை ஒருமுறை புரண்டு, ஒதுங்கிக்கொண்டது.

அன்றிரவே லயனலிடம் சொல்லியிருக்கலாம். "நான் ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தும் விட்டாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். தகப்பனாகப்போகிற சந்தோஷம் அந்த முகத்தில் அப்படியொரு வெகுளித்தனத்தோடு இருந்தது.

"பச்சை அறையில வேண்டாம். வேற எங்கயாவது பெத்துக்கறேன்."

"பைத்தியமா உனக்கு? எங்க தாத்தா, எங்கப்பா, ஜெர்வேஸ், நான், எல்லாரும் அந்தக் கட்டில்லதான் பிறந்தோம். நம்ம பையன் மட்டும் என்ன, தொழுவத்துலயா பிறப்பான்?" அவள் நெற்றியில் முத்தமிட்டான். "பயப்படாத கண்ணு. நான் பக்கத்து அறையிலதானே இருப்பேன்."

சிசிலிக்கு அதே அறையில் பிரசவமான அன்றும் அவன் பக்கத்து அறையில்தான் இருந்தான்.

வலி கணக்குக்கு முன்பே வந்தது. பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மதியம், டாக்டரின் வண்டி பாலத்தைத் தாண்ட முடியாத நாள். கிராமத்து மருத்துவச்சி மட்டும் நடந்து வந்து சேர்ந்தாள். பழையவள் மகனோடு கனடா போய்விட்டாள். இவள் புதியவள், வாயாடி. "முக்குங்கம்மா, முக்குங்க. பிரபுவா இருந்தாலும் வர்ற வழி ஒண்ணுதான்," என்று சிரித்தாள். நான்கு மணிக்குள் ஜன்னல் கறுத்துவிட்டது. விளக்கைத் தூண்டியபோது வாசலில் சிசிலி நின்றாள். முக்காட்டில் பனி. யாரும் அழைத்திருக்கவில்லை.

"நான் இருக்கேன்," என்றாள். ஹெஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் உள்ளங்கை சூடாக இருந்தது. அந்தச் சூடு ஹெஸ்டருக்கு வலியைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

பிள்ளை பிறந்தான். பையன். வீட்டின் கூரையே அதிரும்படி அழுதான். சுவருக்கு அப்பால் லயனல் ஏதோ கத்தினான். நாற்காலி விழுந்த சத்தம். மருத்துவச்சி பிள்ளையைத் துணியில் சுற்றிச் சிசிலியிடம் நீட்டிவிட்டு, கையைத் துடைத்தபடி நல்ல சேதி சொல்ல ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

சிசிலி பிள்ளையோடு நின்றாள். கணப்பைப் பார்த்தாள். பிறகு ஜன்னலை நோக்கி நடந்தாள்.

"சிசிலி."

ஜன்னல் விளிம்பில் பனி. கண்ணாடியில் சிசிலியின் நிழல்.

"சிசிலி, நெருப்புகிட்ட வா. குளிரும். குழந்தைக்குக் குளிரும்."

"இங்கதானே நின்னே?" என்றாள் சிசிலி, திரும்பாமல்.

ஹெஸ்டரால் எழ முடியவில்லை. பிள்ளையின் அழுகை மட்டும். அழட்டும். அழுதுகொண்டே இருக்கட்டும்.

"அவன் அழுதான்," என்றாள் ஹெஸ்டர். ஏழு வருடமாகத் தொண்டையில் இருந்தது இரண்டே சொல்லாக வெளியே விழுந்தது. "உன் பையன். அழுதான், சிசிலி. உயிரோடதான் பிறந்தான். என் விரலைப் பிடிச்சிருந்தான். நான்தான்... நான் நெருப்புகிட்ட கொண்டு போகல. யாரையும் கூப்பிடல."

"தெரியும்." சிசிலி திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. "எனக்குக் கேட்டுது. பெத்தவளுக்குக் கேக்காதா?"

அவள் கணப்பருகே வந்தாள். பிள்ளையின் பாதங்களை நெருப்பில் காட்டி, உள்ளங்கையால் தேய்த்து, சூடேற்றி, கொண்டுவந்து ஹெஸ்டரின் மார்பில் படுக்க வைத்தாள். கனமான, சூடான, சிவந்த பிள்ளை. ஹெஸ்டர் தேம்பி அழுதாள். முடிந்துவிட்டது என்று நினைத்தாள். சொல்லியாகிவிட்டது. இனி எல்லாம் முடிந்துவிட்டது.

"ஏன் நீ கேக்கவே இல்ல? ஒரு வார்த்தை கேட்டிருந்தா..."

"உன்கிட்ட கேட்டு என்ன? அவன்கிட்டதான் கேட்டுப் பாத்தேன்." சிசிலி கட்டிலோரம் மண்டியிட்டாள். "என் வீட்டு வாசல் வரைக்கும் வருவான். வா கண்ணுன்னு கையை நீட்டுவேன். அப்படியே நின்னு பாப்பான். அப்புறம் திரும்பி இங்க வந்துடுவான். அவன் தப்பு இல்ல. என் கை அவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே கை உன் கைதான்."

விளக்கின் சுடர் சாய்ந்தது.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை அழுந்தியது.

பூனை அல்ல. நாய் அல்ல. ஒரு முழங்கால். அடுத்த முழங்கால். கம்பளியில் பள்ளம் விழுந்து, விழுந்து, மேலே வந்தது. ஈர மண்ணின் வாடை. வடக்குச் சுவரின் வாடை. ஹெஸ்டரின் கணுக்காலைத் தாண்டி. இடுப்பைத் தாண்டி. அவசரமில்லாமல், உரிமையோடு.

அவள் கையில் இருந்த பிள்ளை அழுகையை நிறுத்தினான்.

வழி விடுகிறவன்போல. சட்டென்று.

"லயனல்!" என்று கத்தினாள். சத்தம் வரவில்லை. சுவருக்கு அப்பால் சிரிப்பு. கண்ணாடிக் கோப்பைகள் மோதும் ஒலி. யாரோ பாடத் தொடங்கினார்கள்.

குளிர் அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவே புகுந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் நீளம், ஒரு பூனைக்குட்டியின் கனம். கழுத்தை இரண்டு கைகள் சுற்றிக்கொண்டன. ஈரமான கன்னம் மார்பில் பதிந்து தேடியது. சின்ன விரல்கள் ஐந்தும் சேர்ந்து அவளுடைய ஒரு விரலை, அதே விரலை, இறுகப் பிடித்தன.

"போ," என்றாள். "உங்கம்மாகிட்ட போ. அதோ இருக்கா பார். போ."

பிடி இறுகியது. போ என்று மட்டும் சொன்னால் யாருக்குப் புரியும்? அழைக்க அவனுக்கு ஒரு பெயர் இல்லை. அவள்தான் வைக்க விடவில்லை.

விளக்கு வெளிச்சத்தில் அவளுடைய பிள்ளையின் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன. கண்கள் திறந்திருந்தன. தன்னைத் தள்ளிவிட்டு மார்பில் படுத்திருப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான், பொறுமையாக, தன் முறைக்குக் காத்திருப்பவனாக. மூச்சு. இடைவெளி. மூச்சு. இடைவெளி, முன்னதைவிட நீளமாக.

சிசிலி அவள் மார்பின் மேல் இருந்த வெறுமையை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு குவளைத் தேநீர்கூட யாரிடமும் கேட்டறியாத அவள் குரல், பழக்கமில்லாத வேலையைச் செய்கிற கையைப்போல் நடுங்கியது.

"ஒரே ஒரு தடவை, ஹெஸ்டர். என் பிள்ளையை என் கையில கொடேன்."